சிவப்பு நூல் கட்டிய கவர்

பொத்தேரி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஷர்மிளாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்த டப்ளின் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்க இதென்ன கடிதம் என்று சிரிப்பாய், சிரி. போனில் ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், உங்கப்பா போனைப் பிடுங்கி ஒன்றுமில்லைம்மா என்று சொல்லி வைத்துவிடுவார்.

தெருமுனை செல்லம்மாவின் கறுப்புப் பசு போன வாரம் செத்துப்போய்விட்டது. காலேஜ் போகும்போது கழுத்தைத் தடவிவிட்டுப் போவாயே, அதேதான். நாலு நாளாக அசை போடவில்லை, வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போனது, மாட்டு டாக்டர் வருவதற்குள் கண் சொருகிவிட்டது. என்ன காரணம் என்று பார்க்க வயிற்றை அறுத்தார்கள். நான் போயிருக்கக் கூடாது, போனேன். உள்ளே கூடை கூடையாகப் பிளாஸ்டிக் கவர்தானடி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடந்தது. அதில் எத்தனையோ முடிச்சுகளில் சிவப்பு நூல். இன்னாக்கா பண்ணேன் நானு, பாத்துப் பாத்துதானே வளத்தேன் என்று செல்லம்மா என் தோளில்தான் சாய்ந்து அழுதாள்.

அந்த நூல் யாருடையது என்று உனக்குத் தெரியும். காரக்குழம்புக்குச் சிவப்பு, சாம்பாருக்கு வெள்ளை என்று, பார்சல் வாங்கும் காலேஜ் பிள்ளைகள் குழம்பாமல் இருக்க நான்தானே ஆரம்பித்தேன். நம் மெஸ்ஸில் இலை போட்டுப் பரிமாறியதெல்லாம் கொரோனாவோடு போயிற்று. இப்போது ரூமில் படுத்துக்கொண்டு செல்லைப் பார்த்தபடியே சாப்பிட வேண்டும் அதுகளுக்கு, ஒரு பார்சலுக்கு ஐந்து கவர், பாதி தின்றுவிட்டு மிச்சத்தை அப்படியே வெளியே வீசுகிறார்கள், ஏரிப் பக்கம் போனால் அங்கேயும் நம் நூல்தான். பிளாஸ்டிக்குக்குத் தடை என்று போர்டு வைத்திருக்கிற கடைக்காரரே கல்லாவுக்கு அடியிலிருந்து கவர் எடுத்துத் தருகிறார், நானும் வாங்குகிறேன். பிள்ளைகளை மட்டும் சொல்லி என்ன, மிஞ்சிய சோற்றில் குழம்பை ஊற்றி, ஈ மொய்க்கக் கூடாது என்று கவரில் அதே நூலால் இறுக்கிக் கட்டி, பசுவுக்கு வைத்தால் புண்ணியம் என்று தினமும் தெருமுனையில் வைத்தவள் நான். முடிச்சை அவிழ்க்க மாட்டுக்குக் கையா இருக்கிறது? இந்தப் புத்தி வரவில்லையே எனக்கு, பாவி. தெருவில் ஆயிரம் கவர் கிடக்கு, நீ வாயைத் திறக்காதே என்கிறார் அப்பா. சோறு இறங்கவில்லை.

நேற்றுக் காலை சொல்லியே தீருவது என்று வாசலுக்கு வந்தால், செல்லம்மாவே பக்கெட்டோடு நிற்கிறாள். கன்னுக்குட்டி கத்தினே கீதுக்கா, கஞ்சித்தண்ணி இருந்தா இதுல ஊத்து, கவர் மட்டும் வேணாம் என்றாள். பக்கெட்டை வாங்கினேன். நூலைப் பாத்தப்பவே தெரியும்க்கா, நீ வேணும்னேவா பண்ணே என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்திருந்தால் கூடத் தேவலை. பக்கெட்டை நிரப்பிக் கொடுத்தேன் ஷர்மி, அவ்வளவுதான்.

திங்கள் முதல் கேரியர் கொண்டுவந்தால்தான் சாப்பாடு, இல்லாவிட்டால் உட்கார்ந்து சாப்பிடு என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். பாதிப் பேர் வேறு மெஸ்ஸுக்குப் போய்விடுவார்கள் போல, அப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நீயும் அங்கே ராத்திரிக்கு ராத்திரி டப்பா டப்பாவாக வரவழைக்கிறாய் என்று போட்டோவிலேயே தெரிகிறது. ஒரு குக்கர் வைக்க எவ்வளவு நேரம்? பருப்புப்பொடி அனுப்புகிறேன், ரசம் வைக்கக் கற்றுக்கொள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு கண்ணே, உன் கையால் ஒரு வாயில்லா ஜீவனுக்கும் கெடுதல் வரக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் போட மறக்காதே. செல்லம்மாவிடம் இன்னும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. உனக்கே எழுதிவிட்டேன், இனி அவளிடம் சொல்ல என்ன தயக்கம். இதை மடித்து வைத்துவிட்டு அங்கேதான் போகிறேன்.

உன் அம்மா,
ஜோதிலட்சுமி