விருந்தாளிக்கு நாலு ஜிபி

விராலிமலை,
ஆவணி, வியாழக்கிழமை.

அன்பு மகள் இலக்கியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், என் முழங்காலும் நலம், கடையிலிருந்த கிழட்டுக் கம்ப்யூட்டர் மட்டும் காலமாகிவிட்டது. டப்ளின் மழையில் நனையாமல் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய், காரணம் கடைசியில் வரும், அவசரப்பட்டு அடியைப் படிக்காதே.

ஆனியில் வந்தபோது நீ வைத்த பந்தயம் நினைவிருக்கிறதா? நம் பத்திரிகை அடிக்கிற மென்பொருள் புது விண்டோஸில் ஓடாது, நான் வாங்கித் தந்த பழைய சர்வரில் ஒரு வர்ச்சுவல் மெஷின் போட்டு அதற்குள் பழைய விண்டோஸை ஏற்றுங்கள், ஆவணிக்குள் யாரையும் கேட்காமல் செய்துவிட்டால் கடையை மூடச் சொல்லமாட்டேன், இல்லையென்றால் மூடிவிட்டு என்னோடு வந்துவிடுங்கள் என்றாயே. டப்ளினில் நான் யாருக்குக் கல்யாணப் பத்திரிகை அடிப்பேன்? அந்தப் பயத்தில்தான் நீ எழுதிக்கொடுத்த நாலு பக்கக் குறிப்பைக் கையில் எடுத்தேன்.

முதல் குழப்பம் உன் அம்மாவால் வந்தது. புது மெஷின் வருகிறது என்று மேசையைத் துடைத்து, குங்குமத்தோடு இரண்டு நாள் காத்திருந்தாள். அது தனியாக வராது செவந்தி, சர்வருக்குள்ளேயே இருக்கிற இன்னொரு கம்ப்யூட்டர் என்றேன். "கண்ணுக்குத் தெரியாத மெஷினுக்கு எங்கிட்டுங்க பொட்டு வைக்கிறது" என்று கேட்டுவிட்டு சர்வரின் நெற்றியிலேயே வைத்துவிட்டாள். நல்லவேளை, காற்றுப் போகிற ஓட்டையில் வைக்கவில்லை.

அடுத்த குழப்பம் என்னுடையது. சர்வர்தான் ஹோஸ்ட், அதாவது வீட்டுக்காரர், உள்ளே போடுகிற மெஷின் கெஸ்ட், அதாவது விருந்தாளி என்று எழுதியிருந்தாய். புது மெஷின் என்ற பட்டனை அழுத்தினேன். பெயர் கேட்டது, மயில் என்று கொடுத்தேன். டிஸ்க் கேட்டது, நாற்பது ஜிபி கொடுத்தேன். மெமரி எவ்வளவு என்றது, சர்வரில் இருப்பதே நாலு ஜிபிதான். விருந்தாளிக்கு அளந்து போடுகிற பழக்கம் நம் வீட்டில் உண்டா? நாலையும் கொடுத்தேன். ஸ்டார்ட் அழுத்தியதும் வீட்டுக்காரர் மயங்கிவிட்டார், மவுஸ்கூட அசையவில்லை. நாலு நாளில் ஆறு தடவை இதே கதை. இதற்கு நடுவில் நம்ம முனியசாமி வந்து, மூத்த மகள் கல்யாணப் பத்திரிகையில் போட்ட அதே இரட்டை மயில் படம்தான் இளையவளுக்கும் வேண்டும் என்று உட்கார்ந்துகொண்டார். அது அந்தப் பழைய மென்பொருளில்தான் திறக்கும். பழைய கம்ப்யூட்டரோ, ஃபைல்களைப் பென்டிரைவில் ஏற்றிய அன்றே மூச்சை நிறுத்திவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கடைப் பலகையைக் கழற்ற ஏணிகூடத் தேடினேன்.

மத்தியானம் சாப்பிடும்போது அம்மாவிடம் புலம்பினேன். "இருக்கிற சோத்தையெல்லாம் வந்தவருக்கே போட்டுட்டா, ஆக்கிப் போடுறவ எந்திரிச்சு நடமாட வேணாமாங்க? வீட்டுக்காரருக்கும் ரெண்டு வாய் வைங்க" என்றாள். கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடினேன். விருந்தாளிக்கு இரண்டு, வீட்டுக்காரருக்கு இரண்டு. பழைய விண்டோஸ் சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தது. மென்பொருளை ஏற்றி ஃபைலைத் திறந்தால், இரட்டை மயில்! "இதேதாண்ணே" என்று முனியசாமி கத்தினார், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவைக் கேட்டதெல்லாம் பந்தயத்தில் சேராது, அவள் சோற்றைப் பற்றித்தான் பேசினாள்.

இந்தக் கடிதமும் அந்த மெஷினுக்குள் அடித்ததுதான். மெயிலில் அனுப்பினால் நம் பழைய தமிழ் ஃபான்ட் உன் கம்ப்யூட்டரில் பூச்சி பூச்சியாகத் தெரியும், அதனால் அச்சடித்துத் தபாலில் அனுப்புகிறேன். நீ தோற்றுவிட்டாய், கடை இருக்கும்.

ஒன்றே ஒன்றில் மட்டும் உன் குறிப்பு தப்பு. விருந்தாளியை ஷட்டவுன் செய்தால் அது எடுத்த மெமரி வீட்டுக்காரருக்கே திரும்பிவிடும் என்று எழுதியிருக்கிறாய். மெஷினுக்குச் சரி. ஆனியில் நீ வந்துவிட்டுப் போன பிறகு எங்களுக்கு இன்னும் எதுவும் திரும்பவில்லை. தைக்கு வா. அப்போது நாலும் உனக்குத்தான், நாங்கள் மயங்கினால் மயங்குகிறோம்.

விராலிமலை முருகன் உனக்குக் குறையொன்றும் வைக்கமாட்டான். குடையை மறக்காதே, டிக்கெட்டை இப்போதே போடு.

பந்தயத்தில் வென்ற உன் அப்பா,
பெரியண்ணன்