நான்கு நாளாகத் திறக்காத பக்கம்

என் கண்ணான பேத்திக்கு,

இங்கே சாரல் விழுகிறது. நான் சுகம். அஞ்சாங்கிளாஸ் கையெழுத்துதான், தப்பிருந்தால் சிரிக்காதே.

நீ ஜெபஸ்டினைக் கட்டிக்கொண்ட மறுநாள், "அவளத் தலைமுழுகியாச்சு" என்று உன் அப்பன் ஐந்தருவியில் போய்க் குளித்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு மூன்று சீசன் வந்து போய்விட்டது. அவன் ஒரு அருவிக்கும் போகவில்லை.

ஊராருக்கெல்லாம் வெப்சைட் செய்து கொடுக்கிற நீ, உனக்கென்றும் ஒரு பக்கம் வைத்திருந்தாயே, அதைத் தினமும் செல்போனில் பார்ப்பான். உன் வேலை, மாப்பிள்ளை, பிள்ளையின் படம் எல்லாம் எனக்கும் காட்டுவான். கேட்டவர்களிடமெல்லாம் உன் பெருமையைப் பேசுவேன். 'பிடித்தது: அருவிக் குளியல்' என்று நீ எழுதியதை மட்டும் இரண்டு தடவை வாசித்துக் காட்டினான். குடும்பம் என்று போட்டிருந்த இடத்தை நானே எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். சரி, அது இருக்கட்டும்.

நான்கு நாளாக அந்தப் பக்கம் திறக்கவில்லை.

"எம்மா, அவளுக்கு என்னமும் ஆயிருக்குமோ?" என்று சோற்றைத் தள்ளிவைக்கிறான்.

"போன் போட்டுக் கேளேம்ல."

"தலைமுழுகினவகிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பேச?"

உன்னோடு பேசக் கூடாதென்று அன்றைக்கே என்னிடமும் சத்தியம் வாங்கிவிட்டான். எழுதக் கூடாதென்று சொல்ல மறந்துவிட்டான். எனக்கு வேறு வழி தெரியவில்லை, தாயீ.

நீ சுகமாக இருந்தால் அந்தப் பக்கத்தைத் திறந்து வை. குடும்பம் என்ற இடத்தில் எங்கள் பெயரெல்லாம் வேண்டாம். பிள்ளைக்குப் பல் முளைத்திருந்தால், சிரிக்கிற படம் ஒன்று போடு. அவன் பார்த்துவிட்டுச் சாப்பிடுவான்.

உன் அப்பனைப் பெற்ற
ஆச்சி