படப்பின் மேல் கிடந்த பேனர்

பசுவந்தனை,
ஐப்பசி 9

அன்பு மகள் ஜெயப்பிரியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் ஆடுகளும் சுகம். இந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுப்பதற்கு முன் இல்லத்து மேடம் வாசித்துப் பார்ப்பார்களாம். அவர்களுக்கும் வணக்கம்.

உன்னைப் பஞ்சு மில்லிலிருந்து மீட்டு, கோயம்புத்தூரில் பிள்ளைகள் இல்லத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று போன் வந்த அன்று அம்மா நாள் முழுக்கத் தூங்கினாள். மூன்று மாதத்தில் அதுதான் அவளுடைய முதல் தூக்கம். எழுந்ததும் உன் சைக்கிளுக்குக் காற்று அடித்தாள். தினமும் அடிக்கிறாள், டியூப் எத்தனை நாள் தாங்கும் என்று தெரியவில்லை. என்னோடு அவள் பேசுவதில்லை. ஆட்டோடு பேசுகிறாள். எனக்குச் சேரவேண்டியதும் அதிலேயே வந்துவிடுகிறது.

சுடலைக்குமார் மாமாவைப் போலீஸ் பிடித்துவிட்டது. மாமா என்று எழுதியது பழக்க தோஷம். முதலில் அவன் நம்மை யாரென்றே தெரியாது என்று சாதித்தான். உன் ஆதார் நகலில் பதினெட்டு என்று திருத்தியிருந்ததும் யார் வேலை என்று தெரியாதாம். வயதை டீச்சர் பள்ளிக்கூடப் பதிவேட்டைக் காட்டி முடித்துவிட்டார்கள்: பதின்மூன்று. ஆனால் உன்னை மில்லுக்கு அனுப்பியது அவன்தான் என்பதற்கு நம்மிடம் ஒரு துண்டுச்சீட்டு இல்லை. நான் கையெழுத்துப் போட்ட படிவத்தையும் அவனே கொண்டுபோயிருந்தான்.

எஸ்.ஐ. அம்மா நம் வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அடுத்த வீட்டு பானுதான் சோளத்தட்டை அடுக்கிவைத்த படப்பைக் கைகாட்டினாள். மழைக்கு அதன்மேல் போட்டு மூடியிருந்தது, போன வருஷம் உன் சடங்குக்கு வைத்த பேனர். இறக்கிக் களத்தில் விரித்தார்கள். நடுவில் நீ கிரீடத்தோடு. கீழே தேதியும் ‘ஏழாம் வகுப்பு’ என்பதும். சுற்றிலும் பதினெட்டு மீசைகள். அவற்றில் பெரியது சுடலைக்குமாருடையது. பேனர் செலவு அவனுடையது என்பதால் படமும் உன்னுடையதைவிடப் பெரியது. ‘தாய்மாமன் ஸ்தானத்தில் வாழ்த்துவது’ என்று பட்டம், அடியில் செல் நம்பர். மில் ரிஜிஸ்டரில் உன் பெயருக்கு எதிரே இருந்ததும் அதே நம்பர்தான்.

அவனைக் கூட்டிவந்து காட்டி எஸ்.ஐ. அம்மா சாவகாசமாகக் கேட்டார்கள்: “ஏலே, யாருன்னே தெரியாத பிள்ளைக்கா இப்படிக் கையெடுத்துக் கும்பிட்டுட்டு நிக்க?”

பேனர் அடித்த கடைக்காரன் படத்தை மாற்றிப் போட்டுவிட்டான் என்றான் அவன். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகுதான் அந்தப் பதினெட்டு மீசைகளில் ஒன்று என்னுடையது என்பதைக் கவனித்தேன்.

பேனர் இப்போது ஸ்டேஷனில் சாட்சிப் பொருளாக இருக்கிறது. படப்பு நனைகிறது. நனையட்டும்.

போன வருஷம் அந்தப் பேனர் பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒரு வாரமும் நீ பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுப்பாதையில் போனாய். கழற்றச் சொல்லி அழுதாய். யாரும் உன்னைக் கேட்டு வைக்கவில்லை, நீ சொல்லிக் கழற்றவுமில்லை. ஆடி மாதம் உன்னை அனுப்பியபோதும் கேட்கவில்லை. முந்தின வருஷம் மழையே இல்லை. போன வருஷம் உளுந்து பறிக்கிற அன்று வந்தது. கையில் காசில்லாத நேரம் பார்த்து அவன் வந்து ஹாஸ்டல், மூன்று வேளைச் சாப்பாடு, மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம், தபாலில் பத்தாவது என்று அடுக்கினான். வடை மடித்துக் கொடுத்த பேப்பரைக்கூட வரி விடாமல் வாசிக்கிறவன் நான். அந்தப் படிவத்தை மட்டும் வாசிக்கவில்லை. வாசித்தால் கையெழுத்துப் போட முடியாது என்று எனக்கே தெரிந்திருக்கும் போல.

ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கிடைத்த இரண்டு நிமிஷ போனில், பன்னிரண்டு வாரமும் “நல்லாருக்கேன்ப்பா” என்றாய். இருமிக்கொண்டே சொன்னாய். கோயம்புத்தூர் குளிர்ந்த ஊர், அதனால்தான் இருமல் என்று நான் அம்மாவுக்கு விளக்கம் சொன்னேன். பதின்மூன்றாவது வாரம் நீ பானுவைக் கூப்பிட்டாய். ராத்திரி ஷிப்டில் நின்றபடியே தூங்கி விழுந்ததை அவளிடம்தான் சொன்னாய். அவள் பாடப்புத்தகத்தில் அச்சடித்திருந்த குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அடித்தாள். அந்தப் பிள்ளைக்கும் பதின்மூன்றுதான். உன் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

வியாழக்கிழமை குழந்தைகள் நலக் குழு எங்களை வரச் சொல்லியிருக்கிறது. புதன்கிழமை கோவில்பட்டியில் ரயில் ஏறுகிறோம். எட்டாம் வகுப்பில் உன் பெயரை டீச்சர் அடிக்கவில்லை. மறுபடி சேர்க்க நான் போய் நின்றபோது, எடுத்தால்தானே சேர்ப்பதற்கு என்றார்கள்.

வீட்டுக்குப் போக விருப்பமா என்று குழுவில் உன்னைக் கேட்பார்களாம். நான் எதிரே நிற்கிறேன் என்பதற்காகப் பதில் சொல்லாதே. வரவேண்டும் போல இருந்தால் சொல். இன்னும் கொஞ்ச நாள் கழித்து என்றாலும் சொல். என்மேல் கோபம் என்றால் அதை முதலில் சொல். மேடம், இந்த இடத்தை மட்டும் அவளை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லுங்கள்.

பதின்மூன்று வயசுக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் உனக்குக் கிடைக்க வேண்டும். சைக்கிளில் காற்று இருக்கிறது. என்ன கேட்டாலும் எதை வேண்டுமானாலும் சொல், தாயி. ‘நல்லாருக்கேன்ப்பா’ என்று மட்டும் சொல்லாதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா செல்லத்துரை