மயில் நீலமும் ஐவரித் தாளும்

ஆகஸ்ட் 4

என் கல்யாணக் கார்டுக்குக் கலர் வந்துவிட்டது. தோஹாவிலிருந்து, ஸ்கிரீன்ஷாட்டாக. ‘இந்த மயில் நீலம் அப்படியே வேணும். பேப்பர் ஐவரி. அதான் ராயல்’ என்கிறார் மாப்பிள்ளை பெனிஸ்டன். போனில் வெளிச்சம் பின்னாலிருந்து அடிக்கிறது. எந்த நீலமும் மயிலாகத்தான் தெரியும். ஐவரியோ மஞ்சள் ஓடிய தாள், பூச்சும் கிடையாது. மையைக் குடித்துவிடும், நீலம் பச்சையாக மங்கும். பூச்சுள்ள வெள்ளை ஆர்ட் கார்டு போடலாம் என்றேன்.

‘நீ சும்மா இரு. என் ஃப்ரெண்டு டிசைனர், அவன் சொல்லுதான்.’

எட்டு வருஷமாகத் தூத்துக்குடி பிரஸ்ஸில் மை கலக்குகிறவள் நான். அந்த டிசைனர் டீயாவது கலக்கியிருப்பாரா?

ஆகஸ்ட் 6

இரண்டு தாளிலும் ஒரே மையை விரலால் தேய்த்து, காயவிட்டு, வெயிலில் வைத்துப் படமெடுத்து அனுப்பினேன். ஒன்று மயில். இன்னொன்று பாசிபிடித்த தெப்பக்குளம்.

பதில்: ‘உன் கேமரா சரியில்ல. ஐவரிதான்.’

அவர் போன் சத்தியம், என் போன் பொய். நல்லாயிருக்கு நியாயம்!

ஆகஸ்ட் 8

முதலாளி இசக்கியப்பன் அண்ணாச்சி சொல்லிவிட்டார்: ‘ஏளா பிளாரன்ஸ், மாப்பிள்ளையும் கஸ்டமர்தாம்ளா. கேட்டத அடிச்சுக் குடு.’

அடித்தேன். பச்சை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையில் நாசரேத் கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பை, மூன்று ஞாயிறு வாசிக்கிற ஓலையில் முதலாவதை, வாசித்தார்கள். சாயங்காலம், ஊருக்கு வந்த கையோடு பெனிஸ்டன் எங்கள் வீட்டுக்கு வந்தார். சித்தப்பா, பெரியம்மா எல்லோர் முன்னாலும் கார்டை நீட்டி, ‘ஒரு நீலம் கலக்கத் தெரியல, இதுக்கு ஒரு வேலை!’ சிரிப்பு வேறு.

அந்த இரண்டு சாம்பிளையும் எடுத்துவந்து மேசையில் வைத்தேன். பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

‘அப்பவே அழுத்திச் சொல்லிருக்கணும்லா?’

சொல்லலையா? நான் சொல்லலையா?

‘சரி விடு. கல்யாணத்துக்கு அப்புறம் அந்த பிரஸ்ஸுக்குப் போவேண்டாம்.’ என்னை மன்னிக்கிறாராம்!

ராத்திரி அழுதேன். ஒரு கார்டுக்காகவா? நாளைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னாலும், தெர்மாமீட்டர் சரியில்லை என்பாரே இந்த மனுஷர்! பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 19

இந்தக் கல்யாணம் வேண்டாமென்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 23

இரண்டாம் ஓலை வாசிக்க வேண்டாமென்று அப்பா குருவானவரிடம் சொல்லிவிட்டு வந்தார். வந்ததும், ‘காப்பி குடிச்சியா ளா?’ என்றார். அவ்வளவுதான்.

செப்டம்பர் 2

இன்று வேறு யாருக்கோ கல்யாணக் கார்டு. நல்ல தாளை ஏற்றுமுன், கலர் நிற்கும்வரை மெஷினில் கழிவுத்தாள் ஓட்டவேண்டும். தடித்த கழிவு கைவசம் இல்லை. வெட்டாமல் மிஞ்சிக் கிடந்த அந்த ஐவரித் தாள்கட்டைத் தூக்கிவந்தேன். அண்ணாச்சி மேல்தாளில் இருந்த பெயர்களைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

‘பின்பக்கம் வெறுமையாத்தான இருக்கு அண்ணாச்சி, ஏத்துங்க’ என்றேன்.