கையை எடுக்காத வரைக்கும்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உன் இடுப்புவலி குறைந்ததா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

காட்டில் மரத்தைக் கீறிக் குங்கிலியம் எடுக்கிறோம் என்று சொன்னேனே, அது புகை போட மட்டுமல்ல, படகில் ஓட்டை அடைக்கவும் ஆகும். திங்கட்கிழமை நானே அடைத்தேன், கேள். சரக்கோடு திரும்பும்போது நடு ஆற்றில் அடிப்பலகை விரிந்து, தண்ணீர் கணுக்கால்வரை ஏறிவிட்டது. எனக்குத்தான் நீச்சல் தெரியாதே!

"பயப்படாதே தம்பி. இறுகாத பிசினா எடுத்து, துணியோட சேர்த்துத் திணி. கையை மட்டும் எடுத்துடாதே" என்றார் படகுக்காரர்.

சட்டையைக் கிழித்தேன். நீ வாங்கித்தந்த நீலச் சட்டைதான், திட்டாதே. கரை வரும்வரை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டே இருந்தேன். "வந்தாச்சு, எடுப்பா" என்று அவர் சொன்ன பிறகும் கை வரவில்லை. பிசின் பிடித்துக்கொண்டது என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உன்னிடம் சொல்வதற்கென்ன, விரல்கள் பயத்தில் விறைத்துப்போயிருந்தன.

தினமும் அதே படகுதான். கவலைப்படாதே, ஓடுகிறது. பழைய பருத்தித் துணி இருந்தால் அனுப்பு, நிறையவே அனுப்பு. பாப்பாவை இந்த வாரமே நீச்சலில் சேர்த்துவிடு. நீயும் கற்றுக்கொள்.

படகு கிளம்புகிறது, கூப்பிடுகிறார்கள்.

உன் வீட்டுக்காரன்