உனக்கு மட்டும் எழுதியது

மேலத்தோப்பு
திருவாரூர் மாவட்டம்
3.2.2025

அன்புள்ள மகள் பூமிகாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். நீ அந்தச் சென்னையில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஆபீசில் கொடுக்கும் காப்பியையே சாப்பாடு என்று குடித்துக்கொண்டிருக்கிறாயா தெரியவில்லை.

கடிதம் வந்ததைப் பார்த்துப் பயந்துவிடாதே. என் போனை அணைத்துப் பீரோவில் வைத்துவிட்டேன். நீ பத்துத் தடவை கூப்பிட்டும் நான் எடுக்காததற்கு அதுதான் காரணம். அப்பாவின் பட்டன் போனில் கூப்பிட்டால் வருகிறேன். ஆனால் சாப்பிட்டேன், தூங்கினேன் என்பதற்கு மேல் எந்தப் போனிலும் எனக்குப் பேச வரவில்லை. நான் பேசுவதை யார் பிடித்து எங்கே போடுவார்களோ என்றிருக்கிறது.

வீடியோவை நீயும் பார்த்திருப்பாய். ஆனாலும் நடந்ததை நானே சொல்கிறேன். அறுக்கிற பருவத்தில் மழை பிடித்து நம் ஒன்பது மா நிலத்துச் சம்பா நெல்லும் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. நான் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். மைக்கோடு இரண்டு பேர் வந்தார்கள். "அம்மா, இப்ப எப்படி ஃபீல் பண்றீங்க?" என்றான் ஒருவன். பதில் சொல்லத் திரும்பியவள் கால் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு "எல்லாம் போச்சு, எல்லாம் போச்சு" என்று கத்தினேன். அவ்வளவுதான். அதற்குக் குத்துப்பாட்டைப் போட்டு, என் கையை அதற்கேற்ப ஆடவிட்டு, ஊரே சிரிக்கிறது.

நேற்று திருவாரூர் பஸ்ஸில் நாலு கல்லூரிப் பெண்கள் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "ஆன்ட்டி, அது நீங்கதானே? ஒரே ஒரு தடவை சொல்லுங்க ஆன்ட்டி!" என்று கெஞ்சினார்கள். நல்ல பெண்கள்தான். எனக்கு எழுந்து இடம்கூடக் கொடுத்தார்கள். நான் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி வெயிலில் நடந்து வந்தேன்.

நீ கம்ப்யூட்டர் வேலையில்தானே இருக்கிறாய்? இதை எடுக்கச் சொல்லி யாரிடம் போய்க் கேட்கவேண்டும்? அதை மட்டும் விவரமாக எழுது.

அன்புடன்
அம்மா
தையல்நாயகி


சென்னை
10.2.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

தபால் கவர் எங்கே விற்கிறார்கள் என்று தெரியாமல் மூன்று கடை ஏறி இறங்கினேன். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதோடு சரி. எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

யாரிடம் போகவேண்டும் என்று கேட்டிருக்கிறாய். யாரிடமும் போகமுடியாது, அம்மா. அதுதான் எனக்கு ஆத்திரம். வீடியோ போட்ட பையன்களுக்கு எழுதினேன். அவர்கள் போன மாதம் பதினெட்டாம் தேதியே எடுத்துவிட்டார்களாம், மன்னிப்பும் கேட்டார்கள். அதற்குள் அதை வெட்டி ஒட்டி ஆயிரம் பேர் போட்டாயிற்று. இதுவரை நாற்பத்தாறு இடத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 'நீங்கள் குறிப்பிட்ட பதிவு எங்கள் விதிகளை மீறவில்லை' என்று நிமிஷத்தில் பதில் வருகிறது. மனிதர் யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. இரண்டை எடுத்தார்கள். அன்று மாலையே வேறு பெயரில் ஐந்து வந்தது.

ஸ்டிக்கராகவும் ஆக்கிவிட்டார்கள். கிரிக்கெட்டில் தோற்றாலும் அதுதான், தேர்வில் போனாலும் அதுதான், குழம்பு தீய்ந்தாலும் அதுதான். அது அவரவர் போனுக்குள் போய்விட்டது. எங்கே என்று தேடிப் பிடுங்குவது?

இரண்டு வாரம் பொறுத்துக்கொள். இன்னொருவர் வீடியோ வரும், உன்னை மறந்துவிடுவார்கள். அப்பா இடுப்புக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்கிறாரா? நீ போனை எடுத்து வெளியே வை. உன் முகத்தைப் பார்க்காமல் கஷ்டமாக இருக்கிறது.

உன்
பூமிகா


மேலத்தோப்பு
19.2.2025

அன்பு மகள் பூமிகாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எழுத்து கோணல்தான். இருந்தாலும் உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று.

நீ சொன்ன இரண்டு வாரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது, யாரும் மறக்கவில்லை. திருவாரூரில் ஒரு செல்போன் கடை வாசலில் என் படத்தை ஆள் உயரத்துக்குக் கட்டி, 'ஆஃபரை விட்டா எல்லாம் போச்சு!' என்று எழுதியிருந்தார்கள். நேரே உள்ளே போய்விட்டேன். முதலாளி சின்ன வயசு. பதறி எழுந்தார். "அது நீங்களாம்மா? நெட்லேர்ந்து எடுத்ததும்மா, ஒரு ஆள் இருப்பாங்கன்னே நெனைக்கல" என்றார். குடிக்க ஜூஸ் வாங்கிக் கொடுத்து, என் கண்ணெதிரிலேயே பேனரை அவிழ்க்கச் சொன்னார். நான் கிளம்பும்போது, "ஒரு செல்ஃபி எடுத்துக்கட்டுமாம்மா?" என்றார். என்ன சொல்வது அவரை?

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். உன் ஆபீசில் அது உன் அம்மா என்று யாருக்காவது தெரியுமா? போன கடிதத்தில் நீ எல்லாவற்றையும் எழுதினாய், ஆபீசைப் பற்றி ஒரு வரி இல்லை.

இன்னொன்று. இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பதால் எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன். அப்பாவுக்குத் தெரியக்கூடாது.

ஆடியில் அப்பா வண்டியிலிருந்து விழுந்து படுத்ததும், "நிலத்தைக் குத்தகைக்கு விட்டுடுவோம், ஒன்னால ஆவாது" என்றார். நான்தான் பிடிவாதமாக நானே செய்கிறேன் என்றேன். நாற்று விட்டதிலிருந்து களையெடுத்தது வரை நான் பார்த்த வெள்ளாமை அது. மழைக்கு இரண்டு நாள் முன்னால் ஜெக்கரியா அண்ணன் அறுப்பு மிஷினோடு வயலுக்கே வந்துவிட்டார். அப்பாவும் அறுத்துவிடு என்றுதான் சொல்லியிருந்தார். எனக்குத்தான் கதிரில் இன்னும் பச்சை இருப்பதாகப் பட்டது. "இன்னும் மூணு நாள் போகட்டும்ணே" என்று திருப்பி அனுப்பினேன். அப்பாவிடம் மிஷின் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் மழை.

அப்பா இன்று வரைக்கும் ஜெக்கரியா அண்ணனைத் திட்டுகிறார். கடைத்தெருவில் வைத்து அவர் முகத்துக்கு நேராகவே, "ஒன்னாலதான்டா என் நெல்லு அழுவிப்போச்சு" என்றிருக்கிறார். அந்த மனுஷன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாராம். அன்று சேற்றில் உட்கார்ந்து நான் நெல்லுக்காக மட்டும் அழவில்லை. பங்குனிக்குள் அப்பாவிடம் சொல்லிவிடவேண்டும் என்று இருக்கிறேன். அதற்குத் தைரியம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

கேட்டதற்குப் பதில் எழுது.

அம்மா


சென்னை
27.2.2025

அன்புள்ள அம்மா,

நாலு நாளாக எழுதிக் கிழித்துப் போடுகிறேன்.

ஆபீசில் யாருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை.

அது மட்டும் இல்லை. போன மாதம் நாங்கள் செய்த ஒரு வேலை கடைசி நேரத்தில் கெட்டுப்போனது. எங்கள் குரூப்பில் ஒருத்தி உன் ஸ்டிக்கரைப் போட்டாள். வரிசையாக எல்லோரும் போட்டார்கள். "பூமி மட்டும் ஏன் சைலன்ட்?" என்று கேட்டார்கள். நான் பேசாமல் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்து நானும் போட்டேன், அம்மா. நானும் போட்டேன். சிரிக்கிற பொம்மை ஒன்றையும் சேர்த்துப் போட்டேன்.

பிறகு பாத்ரூமில் போய் வாந்தி எடுத்தேன். அதைச் சொல்லி உன்னிடம் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. நாற்பத்தாறு புகார் கொடுத்தேன் என்று எழுதினேனே, அது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஜெக்கரியா மாமா விஷயத்தில் நீ வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை. அப்பா புரிந்துகொள்வார். என்னை நீ என்ன செய்வாய் என்றுதான் தெரியவில்லை.

பூமிகா


மேலத்தோப்பு
6.3.2025

பூமிகாவுக்கு,

கோபம் வரவில்லை என்று எழுதினால் பொய். வந்தது. உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு உளுந்து வயலுக்குப் போய்ப் பொழுது சாய்கிறவரை களை பிடுங்கினேன். நீ பிறந்தபோது உன்னைத் தூக்கி வைத்திருந்த கையை நீயே ஆடவிட்டிருக்கிறாய் என்று தோன்றியது. எழுதக்கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

ஆனால் பயத்தில் ஒன்றைச் செய்துவிட்டு அதை மறைத்துக்கொண்டு நடமாடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். அதனால் உன்னை அதிகம் பேச எனக்கு வாயில்லை.

ஒன்று செய். முதலில் போட்டாளே அந்தப் பெண், அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அது எங்கம்மா" என்று சொல். அவளை முகத்துக்கு நேராகப் பார்த்துச் சொல். அந்த ஒருத்திக்குத் தெரிந்தால் போதும் எனக்கு. மற்றவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

அடுத்த வாரம் நானும் அப்பாவிடம் சொல்லிவிடுவேன். நீ சொல்லிவிட்டாய் என்று தெரிந்தால் எனக்கும் தைரியம் வரும்.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா


சென்னை
14.3.2025

என் அன்பு அம்மா,

உனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை! நீ சொன்னபடி அந்தப் பெண்ணிடம் சொல்லத்தான் போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. அன்று மாலை நெட்டில் என் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிப் போட்டுவிட்டேன். இது என் அம்மா, பெயர் தையல்நாயகி, நானும் இவரைப் பார்த்துச் சிரித்தேன் என்று ஒளிக்காமல் எழுதினேன்.

எழுதியது போதவில்லை போல இருந்தது. அதனால் நீ பிப்ரவரியில் எழுதிய கடிதத்தைப் படம் எடுத்துச் சேர்த்தேன். 'அன்று சேற்றில் உட்கார்ந்து நான் நெல்லுக்காக மட்டும் அழவில்லை' என்று உன் கையெழுத்தில் இருக்கிறதே, அதைப் படித்துவிட்டு ஊரே அழுகிறது, அம்மா! மூன்று நாளில் எழுபதாயிரம் பேர் பகிர்ந்திருக்கிறார்கள். ஸ்டிக்கரை அழித்துவிட்டோம் என்று ஆயிரக்கணக்கில் எழுதுகிறார்கள். எங்கள் குரூப்பில் எல்லோரும் மன்னிப்புக் கேட்டார்கள். நாற்பத்தாறு புகாரில் நடக்காதது உன் ஒரு கடிதத்தில் நடந்துவிட்டது.

அப்பாவைப் பற்றிய வரிகளும் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன, தெரியும். அப்பாதான் நெட் பக்கமே வருவதில்லையே, அதனால் பயம் இல்லை.

ஒரு சேனலில் இருந்து உன்னைப் பேட்டி எடுக்கக் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வருவார்கள். ஊர்ப் பெயர் சொல்லியிருக்கிறேன். அந்த மாம்பழக் கலர்ப் புடவையைக் கட்டிக்கொள். இந்தத் தடவை நீ சொல்வதை எல்லோரும் கேட்பார்கள்.

கடிதம் உனக்கு நேரத்துக்குக் கிடைக்கவேண்டுமே என்று ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

உன்
பூமிகா


மேலத்தோப்பு
21.3.2025

பூமிகாவுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமைதான் வந்தது. சேனல்காரர்கள் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டார்கள்.

நான் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண்ணும் கேமரா பிடிக்கிற இரண்டு பேரும் வந்தார்கள். அந்தப் பெண் என்னைக் கூடத்தில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்திவிட்டு, "உங்க கடிதத்தைப் படிச்சு நான் அழுதுட்டேம்மா" என்றாள். எந்தக் கடிதம் என்று கேட்டேன். அவள் போனில் என் கையெழுத்தைக் காட்டினாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் படிக்க ஆரம்பித்துவிட்டாள். அழகாகப் படித்தாள். பக்கத்திலேயே நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

அவள் படித்து முடித்ததும் அப்பா, "அன்னைக்கு ஜெக்கரியா வந்தானா?" என்று கேட்டார்.

"வந்தாரு" என்றேன்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுந்துபோய் அதன் முன்னால் கையை வைத்து மறைத்தேன். அவர்கள் புரிந்துகொண்டு போய்விட்டார்கள். ஆனால் அதற்கு முன்னால் எடுத்ததைப் போட்டுவிட்டார்களாம். அப்பாவின் முகமும் அதில் இருக்கிறதாம்.

அன்று அப்பா சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் தடியை ஊன்றிக்கொண்டு ஜெக்கரியா அண்ணன் வீட்டுக்குத் தனியாக நடந்து போனார். நான் கூட வருகிறேன் என்றதற்குத் திரும்பியே பார்க்கவில்லை. அங்கே அண்ணனுக்கு முன்பே எல்லாம் தெரிந்திருக்கிறது. அவர் மகன் வெளிநாட்டில் இருந்து உன் பதிவை அனுப்பியிருக்கிறான். அண்ணன் அப்பாவை உட்காரவைத்து டீ கொடுத்து, தன் வண்டியிலேயே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். அவர்கள் இரண்டு பேரும் சரியாகிவிட்டார்கள். எனக்கு அது சந்தோஷம்தான்.

என்னிடம் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஊரு பூரா தெரிஞ்ச பெறவுதான் எனக்குத் தெரியணுமா?" அந்தத் திங்கட்கிழமை சொல்வதாக இருந்தேன் என்று சொன்னேன். உண்மையிலேயே அப்படித்தான் மனசுக்குள் குறித்து வைத்திருந்தேன். அவர் நம்பவில்லை. நம்ப அவருக்கு என்ன இருக்கிறது?

இப்போது யாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை. கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். பஸ்ஸில் ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "புருஷங்கிட்ட சொல்லிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். எனக்குச் சேற்றில் உட்கார்ந்திருந்ததே மேல் என்று ஆகிவிட்டது. அன்று என் உடம்பைத்தான் பார்த்தார்கள்.

ஒருத்தியிடம் போய்ச் சொல் என்றேன். அந்த ஒருத்தியிடம் வாய் வரவில்லை என்கிறாய், உலகத்திடம் வந்திருக்கிறது. எழுபதாயிரம் பேரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாய். கடிதத்தைப் போடட்டுமா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா போனில் கூப்பிட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அது உனக்கும் தெரியும்.

அழாதே. கெட்ட எண்ணத்தில் நீ செய்யவில்லை. இதில் யாருக்குமே கெட்ட எண்ணம் இல்லை, நானும் எல்லோரையும் பார்த்துவிட்டேன்.

உளுந்து நன்றாகக் காய்த்திருக்கிறது. சித்திரை முதல் வாரம் பறிப்போம். நீ லீவு போட்டுக்கொண்டு வா. உனக்குப் பிடித்ததைச் செய்து வைக்கிறேன். அப்பாவோடு பேசு, அவர் உன் மேல் கோபமாக இல்லை. உன் வேலையைப் பற்றிச் சொல், கேட்டுக்கொள்கிறேன்.

கடிதம் இனி எழுதமாட்டேன். வந்தால் என்னிடம் எதுவும் கேட்காதே, பூமிகா. சொல்லமாட்டேன்.

அம்மா