எல்லாப் படத்திலும் ஒரு சிவப்புப் புள்ளி

மார்கழி 8, செவ்வாய்

பனி. இரவு ஏழு மணிக்கே மொட்டைமாடி ஈரம். டெலஸ்கோப் கண்ணாடியில் நீர் கோத்துக்கொண்டது. தேன்மொழியின் ஹேர் டிரையரை எடுத்து ஊதினேன். அவள் அதைத் தொட்டே பல நாள் ஆகிறது.

கேமரா, கல்யாண வீடுகளில் உழைத்துக் களைத்த பழைய உருப்படி. டெலஸ்கோப்பில் அதை மாட்டும் வளையம் ஒருவழியாகக் கூரியரில் வந்தது. பிறை நிலா நிறைய எடுத்ததில் இரண்டு தேறும். நட்சத்திரத்துக்கு டெலஸ்கோப் சரிப்படவில்லை, வானம் நகர்ந்துவிடுகிறது. கேமராவை மட்டும் முக்காலியில் வைத்து, கொஞ்ச நேரம் திறந்து வைத்து எடுத்தால் பரவாயில்லை. எதிர்வீட்டு எல்.இ.டி. விளக்கு மட்டும் எமன். அணைக்கச் சொன்னால், "திருடன் வந்தா நீங்க புடிப்பீங்களா சார்?" என்கிறார்.

கீழேயிருந்து தே.: "சாப்பிட வர்றீங்களா, மூடி வைக்கட்டா?" இன்று பேசியது இவ்வளவுதான்.

மார்கழி 11, வெள்ளி

வாங்க: மெமரி கார்டு, கொசுவத்தி, தே.க்கு இரும்புச்சத்து மாத்திரை.

தே.யின் அம்மா சீர்காழியிலிருந்து வந்திருக்கிறார். அத்தை அடுப்படியில் ரகசியம் பேசினால் மாடிப்படி வரை கேட்கும். "அவரு மாடியே கதின்னு கெடக்குறாரு. நீ செவுத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்குற. பேரு வைக்காத புள்ளைக்கு எத்தன நாளுடி அழுவ?"

பேர் வைக்கவில்லைதான். ஏழாம் மாதமே பிறந்தவள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியிலேயே போய்விட்டாள். தே. அவளைப் பார்த்தது ஒரே தடவை, பெட்டிக்கு வெளியே நின்று. படமும் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் பிள்ளையைப் படம் எடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள், கேட்டுக்கொண்டேன். தே. எழுந்து வருவதற்குள் ஆண்கள் நாங்களே ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்விட்டோம்.

மின்கட்டணம் கட்டவில்லை. நாளை.

மார்கழி 14, திங்கள்

அரையாண்டு விடுமுறை. ஒன்பதாம் வகுப்பு அறிவியல் விடைத்தாள் கட்டு இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது.

ரேஷன் கடையிலிருந்து வந்தால், தே. லேப்டாப் முன்னால்! என் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளாக ஒன்றைத் திறந்து பார்ப்பது எவ்வளவு நாளைக்குப் பிறகு. சந்தோஷத்தில் காபி நானே போட்டேன்.

"என்னங்க, இந்தச் செவப்பு நட்சத்திரம் என்னது?"

எட்டிப் பார்க்காமலே, "திருவாதிரையா இருக்கும்" என்றேன்.

"இல்ல, திருவாதிரை வேற இருக்கு. இது எல்லாப் படத்துலயும் இருக்கு. கெழக்க எடுத்ததுலயும் இருக்கு, தெக்க எடுத்ததுலயும் இருக்கு, அதே எடத்துல. நீங்க எங்க திரும்புனாலும் கூடவே வருது."

பார்த்தேன். ஊசிமுனை அளவு. கேமரா சென்சாரில் ஒரு புள்ளி பழுது. அதிக நேரம் திறந்து வைத்தால் அது தானாகவே சிவப்பாக ஒளிரும். வானத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சொல்ல வாயெடுத்தேன்.

"நிலாப் படத்துல மட்டும் காணோம்," என்றாள். "அந்த வெளிச்சத்துக்குக் கண்ணு கூசும்ல, பச்சப்புள்ளைக்கு."

ஆறிப்போன காபியைக் குடித்தேன்.

மார்கழி 15, செவ்வாய்

கேமராவுக்கு மூடி போட்டு ஒரு படம் எடுத்தேன். பழுதைக் கண்டுபிடிக்க இருட்டைப் படம் எடுப்பது ஒரு வழி. முழுக்கக் கறுப்பு. அதில் அது மட்டும்.

ஆக, நிரூபணம் கையில். எதையும் சோதித்துப் பார்த்தே நம்ப வேண்டும் என்று பிள்ளைகளிடம் தொண்டை வறளக் கத்துகிறவன் நான். தே.யிடம் காட்டினால் ஒரு நிமிட வேலை.

காட்டவில்லை. அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டிக்குள் இப்படித்தானே தனியாகக் கிடந்தாள் என்று தோன்றியது. பழுதுதான். தெரியும்.

அத்தை ஊருக்குப் போனார்.

மார்கழி 26, சனி

கரண்ட் இல்லை. ஊரே திட்டியது, நான் மட்டும் கும்பிட்டேன். கதிர் சாய்ந்த வயல் வாசனை மாடி வரை.

தே. மேலே வந்தாள். டார்ச் பிடித்தாள். குளிருக்குத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் எடப்பக்கம் போங்க" என்று எனக்கே யோசனை. பழைய தே. மாதிரி இருந்தது. பிறகு மெதுவாக:

"ஒண்ணப் பெருசாப் போட்டு மாட்டலாமா? கூடத்துல வேணாம், வர்றவங்க கேப்பாங்க. பீரோவுக்குள்ள."

"எந்தப் படத்த?"

"எதுன்னாலும் சரி. எல்லாத்துலயும்தான் இருக்காளே."

இருக்கு என்று சொல்லவில்லை. இருக்காளே என்கிறாள். இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பொய் வராது, உண்மையும் வரவில்லை. "சரி" என்றேன்.

தை 7, புதன்

அரை நாள் லீவு. தஞ்சாவூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. போன வாரம் ஸ்டுடியோவில் கொடுத்த படம் தயார். ஸ்டுடியோக்காரர் என் வயசுக்காரர், நல்ல மனுஷன். ஃபிரேமைத் துடைத்துக் கொடுத்தார்.

"வானம் பிரமாதமா வந்திருக்கு சார். நடுவுல ஒரு செவப்புப் புள்ளி கெடந்துச்சு. கேமராக் கோளாறு, எங்களுக்கும் வரும். சுத்தமா எடுத்துட்டேன். அதுக்குத் தனியா காசு வேணாம்."

திருவாதிரை இருந்தது. மற்ற எல்லாமே இருந்தன. நன்றி சொல்லி வெளியே வந்து, செருப்பை மாட்டி, படி இறங்கி, திரும்பவும் ஏறினேன்.

"அத மறுபடி வைக்கணுங்க."

"எத சார்?"

"அந்தப் புள்ளிய."

ஒரு மாதிரி பார்த்தார். திருத்தியதைப் பழைய படத்தின் மேலேயே சேமித்துவிட்டாராம். மூலப்படம் வீட்டில் இருக்கிறது. அதை எடுத்து வரலாம். ஆனால் தே. காலையிலேயே பீரோவில் இடம் ஒழித்து வைத்துவிட்டாள். வெறுங்கையோடு எப்படிப் போவேன்?

கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தார். "எங்க சார் இருந்துச்சு?"

விரலை வைத்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை.

"என்ன சைஸ்ல வைக்கட்டும்? பளிச்சுன்னு தெரியிற மாதிரியா?"

"இல்ல. சின்னதா."

வைத்தார். பெரிதாக இருந்தது. குறைத்தார். அப்போதும் பெரிது.

"இன்னும் சின்னதுங்க," என்றேன். "ரொம்பச் சின்னப் புள்ள."